அயோவா முதல் தென் கரோலினா வரை: அமெரிக்க முன்தேர்தல் வாக்குகளைப் பின்தொடர ஒரு முழுமையான வழிகாட்டி

2024 ஜனவரி 15 அன்று அயோவா மாநிலத்தில், குடியரசுக் கட்சி தன் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடத்தும் காகஸ் கூட்டங்கள் தொடங்கி அரை மணி நேரம்தான் ஆகியிருக்கும். அதற்குள் டொனால்ட் ட்ரம்ப் வென்றுவிட்டார் என்று அசோசியேட்டட் பிரஸ் அறிவித்துவிட்டது. பல கூட்டங்களில் அப்போது பேச்சே முடியவில்லை; வாக்குச்சீட்டும் கைக்கு வரவில்லை. முடிவு இவ்வளவு சீக்கிரம் தெரிந்துவிடும் என்றால், உட்கார்ந்து எண்ணிக்கையைப் பார்ப்பானேன் என்று கேட்கலாம். என்னைக் கேட்டால், வெற்றி அறிவிப்புக்குப் பிறகுதான் வேலையே தொடங்குகிறது. எத்தனை பேர் வந்தார்கள், போன முறை எத்தனை பேர், எந்தக் கவுன்டியில் (நம் மாவட்டம் போன்ற பிரிவு) யாருக்கு எவ்வளவு சரிந்தது என்பதெல்லாம் அதற்குப் பின்னால் மெல்ல மெல்லத்தான் வெளிவரும்.

இதற்கு ஒரு கணினியும் ஓர் எக்செல் தாளும் கொஞ்சம் பொறுமையும் போதும். எடுத்துக்காட்டுகளைப் பெரும்பாலும் 2024இலிருந்தே தருகிறேன். கட்சிகள் மாநிலங்களின் வரிசையை மாற்றுவதுண்டு என்பதால், புதிய தேர்தல் ஆண்டு வரும்போது தேதிகளைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். முறை மாறாது.

முதல் படி: எண்ணுவது யார், எண்ணப்படுவது எது?

இந்தியத் தேர்தல் ஆணையம் போல நாடு முழுவதற்கும் எண்ணி அறிவிக்கும் அமைப்பு அமெரிக்காவில் இல்லை. மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. 1848 முதல் தேர்தல் வாக்குகளைத் திரட்டிவரும் அசோசியேட்டட் பிரஸ் ஒரு செய்தி நிறுவனம். அரசு அமைப்பு அல்ல. ஆகவே தாளின் முதல் நிரலில் மாநிலத்தின் பெயரையும், இரண்டாவதில் தேர்தலை நடத்துவது யார் என்பதையும் எழுதுங்கள்.

நியூ ஹாம்ப்ஷயரில் நடப்பது பிரைமரி, அதாவது வாக்குச்சாவடியில் நடக்கும் முன்தேர்தல். அதை அரசு நடத்துகிறது. முடிவுகளை மாநிலச் செயலாளரின் அலுவலகம் வெளியிடுகிறது. தென் கரோலினாவிலும் மாநிலத் தேர்தல் ஆணையம்தான் நடத்துகிறது. அயோவாவின் காகஸ் கட்சியின் சொந்த நிகழ்ச்சி. பள்ளிக்கூடங்களிலும் தேவாலயங்களிலும் கட்சிக்காரர்கள் மாலையில் கூடி, பேசி, வாக்களித்து, தாங்களே எண்ணி, கட்சித் தலைமையகத்துக்கு அனுப்புகிறார்கள். குடியரசுக் கட்சியின் காகஸில் தபால் வாக்கு, முன்கூட்டிய வாக்குப்பதிவு எதுவும் கிடையாது. நேரில் வந்தவருக்குத்தான் வாக்கு. இதனால்தான் அயோவாவின் வாக்குப்பதிவை நியூ ஹாம்ப்ஷயருடன் பக்கத்தில் வைத்து ‘அயோவா மக்களுக்கு ஆர்வமில்லை’ என்று எழுதுவது அநியாயம். நாள் முழுவதும் திறந்திருக்கும் வாக்குச்சாவடியும், குளிர்கால இரவில் குறித்த மணிக்கு வந்து உட்கார வேண்டிய கூட்டமும் ஒன்றல்ல.

நெவாடாவில் 2024இல் இரண்டும் நடந்தன. பிப்ரவரி 6 அன்று மாநில அரசு பிரைமரி நடத்தியது. பிப்ரவரி 8 அன்று குடியரசுக் கட்சி தனியாகக் காகஸ் நடத்தியது. ட்ரம்ப் காகஸில் மட்டும் இருந்தார், அவரது போட்டியாளர் நிக்கி ஹேலி பிரைமரியில் மட்டும். பிரைமரியில் ஹேலி 24,583 வாக்குகள் பெற்றார். ‘இவர்களில் எவருமில்லை’ என்ற தெரிவு 50,763 வாக்குகளுடன் அவரைத் தோற்கடித்தது. (நெவாடாவில் அந்தத் தெரிவு 1975 முதல் இருக்கிறது, 2013இல் வந்த இந்திய நோட்டாவுக்கு மூத்தது.) காகஸில் சுமார் 60,500 பேர் வாக்களித்து, ட்ரம்புக்கு 99 சதவீதம் கொடுத்தார்கள். ஒரே வாக்காளர் இரண்டிலும் கலந்துகொள்ளச் சட்டம் தடுக்கவில்லை. எனவே பிரைமரியின் ஏறத்தாழ 80,000-ஐயும் காகஸின் 60,500-ஐயும் கூட்டி, ‘குடியரசுக் கட்சியின் நெவாடா வாக்குப்பதிவு’ என்று ஓர் எண்ணை உருவாக்கக் கூடாது. தாளில் நெவாடாவுக்கு இரண்டு வரிசைகள், நடுவில் தடித்த கோடு.

இரண்டாம் படி: வகுக்கும் எண்ணை முன்கூட்டியே தேடி வையுங்கள்

வாக்குப்பதிவு சதவீதம் என்றால் எத்தனை பேரில் எத்தனை பேர் என்று கேட்க வேண்டும். எண்ணும் இரவில் மேலே இருக்கும் எண் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். கீழே இருக்கும் எண்ணை அதற்கு முந்தைய வாரமே எழுதி வைத்துக்கொள்ளலாம். சிக்கல் என்னவென்றால் அந்தக் கீழெண் ஒன்றல்ல, மூன்று.

ஒன்று, வாக்காளர் பட்டியலில் அந்தக் கட்சியின் பெயரில் பதிவு செய்தவர்கள். இரண்டு, மாநிலத்தின் வாக்காளர் பட்டியலில் உள்ள அனைவரும். மூன்று, பதிவு செய்தாலும் செய்யாவிட்டாலும் வாக்களிக்கத் தகுதி உள்ள குடிமக்கள் அனைவரும். புளோரிடா பல்கலைக்கழகப் பேராசிரியர் மைக்கேல் மெக்டொனால்ட் பல ஆண்டுகளாகத் தொகுத்துவரும் கணக்குகள் இந்த மூன்றாவதை அடிப்படையாகக் கொண்டவை. மாநிலங்களை ஒன்றோடொன்று ஒப்பிட இதுவே நேர்மையானது.

எதை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து ஒரே இரவு வேறு வேறு கதை சொல்லும். 2024 அயோவாவில் குடியரசுக் கட்சியினர் சுமார் 1,10,000 பேர் வாக்களித்தார்கள். அந்தக் கட்சியில் பதிவு செய்தவர்கள் ஏறத்தாழ 7,50,000 பேர். அந்த அளவில் 15 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே. மாநிலத்தில் தகுதியுள்ள குடிமக்கள் அனைவரையும் வைத்தால் சுமார் 5 சதவீதம். இரண்டும் உண்மை. அடிப்படையைச் சொல்லாமல் சதவீதத்தை மட்டும் போடும் தலைப்புச் செய்தியை நான் பொருட்படுத்துவதே இல்லை.

தென் கரோலினாவில் கட்சிப் பதிவே கிடையாது. எவரும் எந்தக் கட்சியின் பிரைமரியிலும் வாக்களிக்கலாம். ஒன்றில் வாக்களித்தவர் அதே ஆண்டு இன்னொன்றில் வாக்களிக்க முடியாது, அவ்வளவுதான். எனவே முதல் வகைக் கீழெண் அங்கே இல்லை. 33 லட்சம் பேர் அளவிலான முழுப் பட்டியலையே எடுக்க வேண்டும்.

நியூ ஹாம்ப்ஷயரில் இன்னொரு நெளிவு. எந்தக் கட்சியையும் சாராதவர்கள் என்று பதிவு செய்தவர்கள் அங்கே பட்டியலில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு. அன்றைய தினம் சாவடிக்கு வந்து எந்தக் கட்சியின் சீட்டு வேண்டும் என்று அவர்கள் கேட்டு வாங்கலாம். போதாததற்கு, தேர்தல் நாளிலேயே புதிதாகப் பதிவும் செய்துகொள்ளலாம். அயோவாவிலும் காகஸ் நடக்கும் இடத்திலேயே பதிவு செய்யவும் கட்சி மாறவும் முடியும். அப்படி வந்தவர்கள் மேலெண்ணில் இருப்பார்கள். முந்தைய வாரம் எழுதி வைத்த கீழெண்ணில் இருக்கமாட்டார்கள். கட்சிப் பதிவை வைத்துக் கணக்கிட்ட சதவீதம் இந்த இரு மாநிலங்களிலும் எப்போதும் கொஞ்சம் ஊதித்தான் இருக்கும்.

மூன்றாம் படி: பழைய எண்கள்

ஒப்பிட எதுவுமில்லாத எண்ணுக்கு அர்த்தமில்லை. ஒவ்வொரு மாநிலத்துக்கும் குறைந்தது மூன்று பழைய தேர்தல்களின் மொத்தத்தைச் சேர்த்து வையுங்கள். அயோவா குடியரசுக் கட்சி: 2012இல் சுமார் 1,21,500, 2016இல் சுமார் 1,87,000, 2024இல் 1,10,000. நியூ ஹாம்ப்ஷயர் ஜனநாயகக் கட்சி: 2016இல் இரண்டரை லட்சத்துக்குச் சற்று மேல், 2020இல் ஏறத்தாழ 3 லட்சம். தென் கரோலினா ஜனநாயகக் கட்சி: 2016இல் சுமார் 3,70,000, 2020இல் சுமார் 5,40,000, ஜோ பைடனுக்கு உண்மையான போட்டியே இல்லாத 2024இல் சுமார் 1,31,000.

கடைசி எண்ணைப் பார்த்து ஆதரவு சரிந்துவிட்டது என்று எழுதினால் தவறு. பதவியில் இருக்கும் அதிபர் மீண்டும் நிற்கும் ஆண்டை, திறந்த போட்டி நடந்த ஆண்டுடன் ஒப்பிடக் கூடாது. பழைய எண்களுக்குப் பக்கத்தில் ‘போட்டி இருந்ததா?’ என்று ஒரு நிரல் போட்டு ஆம், இல்லை என்று எழுதிவிட்டால் பாதி அபத்தங்களைத் தவிர்க்கலாம்.

‘வரலாறு காணாத வாக்குப்பதிவு’ என்ற சொற்றொடரையும் இங்கேயே தட்டிப் பார்க்க வேண்டும். 2024 பிப்ரவரி 24 அன்று தென் கரோலினாவின் குடியரசுக் கட்சி பிரைமரியில் சுமார் 7,56,000 பேர் வாக்களித்தார்கள். 2016இல் பதிவான சுமார் 7,40,000-ஐ விட அதிகம். எண்ணிக்கையில் சாதனைதான். ஆனால் அது மக்கள்தொகை வேகமாகக் கூடிவரும் மாநிலம். பட்டியலில் உள்ளவர்களில் எத்தனை பங்கு என்று பார்த்தால் 2016இல் சுமார் 25 சதவீதம், 2024இல் சுமார் 23 சதவீதம். சாதனையை மறுக்க வேண்டாம். சதவீதத்தையும் சேர்த்துச் சொன்னால் போதும்.

அயோவாவில் 2016க்கும் 2024க்கும் இடையே ஐந்தில் இரண்டு பங்கு குறைந்ததற்குக் குளிரைக் காரணம் காட்டினார்கள். குளிர் கடுமைதான், வெப்பநிலை மைனஸ் 18 டிகிரி செல்சியஸுக்கும் கீழே போயிருந்தது. ஆனால் யார் வெல்வார் என்று எல்லோருக்கும் தெரிந்த போட்டி அது. குளிரின் பங்கு எவ்வளவு, சலிப்பின் பங்கு எவ்வளவு என்று அந்த ஒரு மொத்தத்தை வைத்துக்கொண்டு பிரித்துச் சொல்ல எவராலும் முடியாது. சொல்பவர்கள் ஊகிக்கிறார்கள்.

நான்காம் படி: எண்ணும் இரவு

நேரத்தை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். அயோவாவில் மாலை 7 மணி என்றால் இந்தியாவிலும் இலங்கையிலும் மறுநாள் காலை 6.30. தென் கரோலினாவில் 7 மணிக்குச் சாவடிகள் மூடும்போது இங்கே காலை 5.30. நியூ ஹாம்ப்ஷயரின் கடைசிச் சாவடிகள் 8 மணிக்கு மூடும், இங்கே 6.30. நெவாடாவின் 7 மணி இங்கே காலை 8.30. அங்கே ‘தேர்தல் இரவு’ என்பது இங்கே காலை காபி நேரம்.

கால் மணிக்கு ஒரு முறை நான்கு விஷயங்களைக் குறியுங்கள்: மணி, எண்ணிய மொத்த வாக்குகள், எவ்வளவு எண்ணியாகிவிட்டது என்ற மதிப்பீட்டுச் சதவீதம், முதல் இருவரின் வாக்குகள். சதவீதத்தை மட்டும் குறிக்காதீர்கள். வாக்குகளைக் குறித்தால் சதவீதத்தைப் பிறகு தாளே கணக்கிட்டுவிடும், தலைகீழாக முடியாது.

எண்ணியாகிவிட்டது என்ற அந்தச் சதவீதத்தை அதிகம் நம்ப வேண்டாம். முன்பெல்லாம் மொத்தச் சாவடிகளில் எத்தனை முடிவு அனுப்பின என்று காட்டினார்கள். 50 பேர் வாக்களித்த கிராமமும் 2,000 பேர் வாக்களித்த நகர்ப் பகுதியும் அதில் ஒன்றாகக் கணக்கானது. இப்போது செய்தி நிறுவனங்கள் பெரும்பாலும், வரவேண்டிய மொத்த வாக்கு இவ்வளவு என்று தாங்களே மதிப்பிட்டு அதில் இத்தனை சதவீதம் வந்தது என்று காட்டுகின்றன. வாக்குப்பதிவு எதிர்பார்த்ததைவிடக் கூடினால் மதிப்பீட்டை உயர்த்துவார்கள். அப்போது எண்ணிக்கை ஏறும் வேளையிலேயே அந்தச் சதவீதம் இறங்கும். மோசடி என்று சமூக ஊடகங்களில் கூச்சல் எழும் தருணம் இதுதான். கீழெண் மாறியது, அவ்வளவே.

இறுதி வாக்குப்பதிவை நாமே முன்கூட்டி மதிப்பிட ஒரு வழி உண்டு. முழுதாக எண்ணி முடித்த ஊர்களை மட்டும் எடுங்கள். போன முறை அதே ஊர்களில் பதிவான மொத்தத்துடன் ஒப்பிடுங்கள். அந்த ஊர்கள் சேர்ந்து முன்பு 20,000 வாக்குகள் தந்து, இப்போது 22,600 தந்தால் உயர்வு 13 சதவீதம். மாநிலத்தின் பழைய மொத்தத்தை 1.13ஆல் பெருக்கினால் தோராய மதிப்பு கிடைத்துவிடும். ஆனால் ஊர்களின் கலவையைக் கவனியுங்கள். நியூ ஹாம்ப்ஷயரில் டார்ட்மத் கல்லூரி இருக்கும் ஹானோவர் ஒரு மாதிரி. மாசசூசெட்ஸ் எல்லையில் ட்ரம்புக்கு வலுவான சேலம் வேறு மாதிரி. கல்லூரி ஊர், எல்லையோர ஊர், மான்செஸ்டர் போன்ற நகரம், வடக்கின் மலைக் கிராமம் என்று நான்கு வகையிலும் ஓரிரண்டு வரும்வரை பெருக்கத் தொடங்காதீர்கள்.

நள்ளிரவிலேயே வாக்களித்துவிடும் டிக்ஸ்வில் நாட்ச் என்ற குக்கிராமத்தைத் தொலைக்காட்சிகள் கொண்டாடும். 2024இல் அங்கே ஆறு பேர், ஆறும் ஹேலிக்கு. மாநிலத்தில் அவர் 43க்கு 54 என்று தோற்றார். ரசியுங்கள், தாளில் ஏற்ற வேண்டாம்.

மிகச் சிறிய வித்தியாசங்கள் கவுன்டி மட்டத்தில்தான் கண்ணில் படும். அயோவாவின் 99 கவுன்டிகளில் 98-ஐ ட்ரம்ப் வென்ற அந்த இரவில், பல்கலைக்கழகம் அமைந்திருக்கும் ஜான்சன் கவுன்டியில் மட்டும் ஹேலி 1,271, ட்ரம்ப் 1,270. ஒரு வாக்கு. மாநில அளவில் வெறும் 19 சதவீதம் பெற்றவர் எந்த வகை ஊரில் தாக்குப்பிடித்தார் என்று இந்த ஒரு வரிசை காட்டிவிடுகிறது. அடுத்த வாரம் நியூ ஹாம்ப்ஷயரில் எந்த ஊர்களை முதலில் பார்க்க வேண்டும் என்பதற்கும் அதுவே குறிப்பு.

தபால் வாக்குகளையும், பெயரை எழுதிப் போடும் வாக்குகளையும் தனியாகக் கவனியுங்கள். நெவாடாவில் தேர்தல் நாளன்று அஞ்சல் முத்திரை பெற்ற சீட்டு சில நாள் கழித்து வந்தாலும் எண்ணப்படும். முதல் இரவின் மொத்தம் அங்கே முழுமையானது அல்ல. 2024 நியூ ஹாம்ப்ஷயரில் பைடன் பெயர் சீட்டிலேயே இல்லை. கட்சியின் கால அட்டவணையை மாநிலம் ஏற்காததால் அவர் பதிவு செய்யவில்லை. ஆதரவாளர்கள் அவர் பெயரைக் கையால் எழுதிப் போட்டார்கள். ஒவ்வொரு சீட்டையும் மனிதர்கள் படித்துப் பிரிக்கும்வரை அவை ‘பெயர் எழுதிய வாக்குகள்’ என்ற ஒரே குவியலாகவே திரையில் தெரிந்தன. கடைசியில் சுமார் 1,24,000 வாக்குகளில் 64 சதவீதம் அவருக்கு.

ஐந்தாம் படி: ஒரே போட்டியில் பல வகை எண்கள்

2020 அயோவா ஜனநாயகக் கட்சிக் காகஸை ஒரு முறை முழுதாகப் பார்த்துவிட்டால் மற்ற எல்லாம் எளிது. பிப்ரவரி 3 இரவு, முடிவுகளை அனுப்பச் செய்திருந்த கைபேசிச் செயலி சொதப்பியது. முதல் தொகுதி முடிவுகள் மறுநாள் மாலைதான் வந்தன, அதுவும் 62 சதவீதச் சாவடிகளுக்கு மட்டும். தாமதம் ஒருபக்கம் இருக்க, வந்த எண்கள் மூன்று வகை.

ஜனநாயகக் கட்சியின் அந்தக் காகஸில் ஆதரவாளர்கள் முதலில் வேட்பாளர் வாரியாகக் குழுவாக நின்றார்கள். அந்தத் தலை எண்ணிக்கை முதல் அணிவகுப்பு. பெரும்பாலான இடங்களில் 15 சதவீதம் எட்டாத குழு கலைந்து வேறு குழுவில் சேர முடிந்தது. அதன் பிறகான எண்ணிக்கை இறுதி அணிவகுப்பு. அதிலிருந்து, மாநில மாநாட்டுக்கு எத்தனை பிரதிநிதிகள் என்ற சமான எண்ணைக் கணக்கிட்டார்கள். பெர்னி சாண்டர்ஸ் முதல் அணிவகுப்பில் சுமார் 6,000 வாக்குகளும், இறுதி அணிவகுப்பில் சுமார் 2,400 வாக்குகளும் முன்னிலை பெற்றார். சமான எண்ணில் பீட் புட்டிஜெஜ் நூலிழையில் முந்தினார். கட்சியின் வேட்பாளரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் தேசிய மாநாட்டுப் பிரதிநிதிகள் அவருக்கு 14, சாண்டர்ஸுக்கு 12. இருவரும் தாங்களே வென்றதாகச் சொன்னார்கள். அசோசியேட்டட் பிரஸ் யாரையும் வெற்றியாளராக அறிவிக்கவில்லை.

வாக்குப்பதிவைக் கணக்கிட இவற்றில் முதல் அணிவகுப்பின் மொத்தத்தையே எடுக்க வேண்டும். இரண்டாம் சுற்றுக்கு முன் வீட்டுக்குப் போனவர்களும் உண்டு என்பதால் இறுதி அணிவகுப்பின் மொத்தம் குறைந்திருக்கும். அப்படிப் பார்த்தால் வந்தவர்கள் சுமார் 1,76,000 பேர். 2008இல் பராக் ஒபாமா வென்றபோது வந்தவர்கள் சுமார் 2,39,000. அந்த 2008-லும் 2016-லும் கட்சி சமான எண்களைத்தான் வெளியிட்டது. வேட்பாளர் வாரியான தலை எண்ணிக்கை பொதுவில் இல்லை. எனவே ஹிலாரி கிளிண்டன் 49.8, சாண்டர்ஸ் 49.6 என்ற 2016 முடிவை வாக்குச் சதவீதம் என்று தாளில் ஏற்றாதீர்கள். தலைப்பை மாற்றி எழுதுங்கள்.

ஆறாம் படி: வாக்கிலிருந்து பிரதிநிதிக்கு

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனெனில் விதிமுறைப் புத்தகத்தைப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. 2024 அயோவாவில் குடியரசுக் கட்சியின் 40 பிரதிநிதிகள் விகிதாசாரப்படி பிரிந்தார்கள். தமிழ் பேசும் பெற்றோருக்குப் பிறந்த விவேக் ராமசாமி 7.7 சதவீதத்துக்கு 3 பேரைப் பெற்று, அன்றிரவே விலகினார். தென் கரோலினாவில் மாநிலத்தையும் ஒவ்வொரு நாடாளுமன்றத் தொகுதியையும் வென்றவரே அந்தந்தப் பங்கை முழுதாக அள்ளுவார். அங்கே ஹேலி 39.5 சதவீதம் பெற்றார். கிடைத்தது 50இல் 3.

ஏழாம் படி: இரண்டு வாரம் கழித்துத் திரும்பிப் பாருங்கள்

இரவில் வருவது அதிகாரபூர்வமற்ற எண்ணிக்கை. சான்றளித்த முடிவு நாள்கள் கழித்தே வரும். அதற்கென்று தாளில் தனி நிரல் வேண்டும். இரவின் எண்ணை அழித்து அதன்மேல் எழுதக் கூடாது. சான்றளித்த அட்டவணையில் பதிவான சீட்டுகளின் மொத்தம் தனியாக இருந்தால் அதையே வாக்குப்பதிவுக்கு எடுங்கள். வேட்பாளர்களின் வாக்குகளைக் கூட்டினால் வெற்றுச் சீட்டும் செல்லாத சீட்டும் விட்டுப்போகும்.

இந்த நிரல் ஏன் தேவை என்பதற்கு 2012 அயோவா. ஜனவரி 3 இரவு மிட் ராம்னி 8 வாக்குகள் கூடுதலாகப் பெற்று முன்னிலை என்று கட்சி அறிவித்தது: 30,015க்கு 30,007. ஜனவரி 19 அன்று சான்றளித்த எண்கள் வந்தபோது ரிக் சாண்டோரம் 29,839, ராம்னி 29,805. எட்டுச் சாவடிகளின் முடிவுத் தாள்கள் கிடைக்கவே இல்லை. இடையில் ஜனவரி 10 அன்று நியூ ஹாம்ப்ஷயரில் ராம்னி வென்று, முதல் இரண்டையும் கைப்பற்றியவர் என்ற பெயருடன் இரண்டு வாரம் வலம்வந்துவிட்டார். சாண்டோரத்தின் 34 வாக்கு முன்னிலை வெளியானபோது தென் கரோலினாவுக்கு இரண்டே நாள்.

அதோடும் முடியவில்லை. அந்த ஆண்டு காகஸ் வாக்கு பிரதிநிதிகளைக் கட்டுப்படுத்தவில்லை. மூன்றாம் இடத்தில் 21 சதவீதம் பெற்ற ரான் பாலின் ஆதரவாளர்கள் மாவட்ட, மாநில மாநாடுகளில் பொறுமையாக உட்கார்ந்து இடங்களைப் பிடித்தார்கள். ஆகஸ்டில் டாம்பா தேசிய மாநாட்டில் அயோவாவின் 28 வாக்குகளில் 22 ரான் பாலுக்குப் போயின. பின்னர் குடியரசுக் கட்சி விதியை மாற்றி, காகஸ் முடிவு பிரதிநிதிகளைக் கட்டுப்படுத்தும்படி செய்தது. ஆகவே 2012 வரிசைக்கு மட்டும் என் தாளில் மூன்று வெற்றியாளர் நிரல்கள்: இரவில் ராம்னி, சான்றிதழில் சாண்டோரம், மாநாட்டில் பால்.